ஞாயிற்றுக்கிழமை பார்த்த கரை

அந்த ஃபாரத்தில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் எனக்கு விட்டு வைத்திருந்தார்கள். மற்ற பதினேழு கேள்விகளையும் ஆஸ்பத்திரிக் கமிட்டி நிரப்பிவிட்டது. பதினெட்டாவது கேள்வி, வண்டிக்கு டிராக் வேண்டுமா, டயர் வேண்டுமா, ஒன்றை மட்டும் குறிக்கவும் என்றிருந்தது. அதன் ஓரத்தில் டாக்டர் ஷிஜா பென்சிலால் 'சத்தியநேசனிடம் கேட்கவும்' என்று எழுதி, ஃபாரத்தை வண்டி ஷெட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். பதினெட்டு வருஷமாக அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சுனாமி வந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த சமயம் அது. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே, நெய்யாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், காயலுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு உண்டு. அறுபது எழுபது வீடுகள் இருக்கும். அலை வந்ததில் அங்கிருந்த படகுத்துறை அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்தக் கரையிலிருந்து படகில் ஏறினால், அந்தக் கரைக்கு அறுபது மீட்டர் முன்னாலேயே படகு தரைதட்டி நின்றுவிடும். மிச்ச தூரமெல்லாம் சேறு. நோயாளி என்றால் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி வர வேண்டும். இதைக் கேள்விப்பட்ட வெளிநாட்டுச் சபை ஒன்று, தரையிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டி ஒன்றை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முன்வந்தது.

எட்டுச் சக்கர வண்டி அது. உடம்பு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீரில் இறங்கினால் மிதக்கும், சக்கரங்கள் சுற்றிச் சுற்றியே நீந்தும். டயர் என்று குறித்தால், காற்று குறைவாக அடித்த அகலமான எட்டு டயர்கள் வரும். டிராக் என்று குறித்தால் ஒல்லி டயர்கள் வரும். அவற்றின் மேல் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, யுத்த டாங்கிக்கு இருப்பதுபோல, பல் வைத்த ரப்பர்ப் பட்டை ஓடும். சேற்றுக்கு டிராக் நல்லது, கெட்டித் தரைக்கும் மணலுக்கும் டயர் நல்லது என்று ஃபாரத்தோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எங்களுக்கோ சேறும் இருந்தது, மணலும் இருந்தது.

கமிட்டி எதற்கெடுத்தாலும் 'கடலோர மக்கள்' என்று எழுதும். எனக்கு அந்த வண்டி லிங்கத்துக்கு வந்த வண்டி. லிங்கம் உடன்குடிப் பக்கத்துக்காரன். இருபது வருஷத்துக்கு முன்னால் கரமடி இழுக்க இங்கே வந்தவன். கரமடி என்றால் கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலை, மடி என்றும் சொல்வார்கள். படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். அப்படி இழுத்த கையும் காலும் இப்போது வீங்கிக் கிடந்தன. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் அவனுக்கு டயாலிசிஸ். மூன்று தடவைக்கு ஒரு தடவை வரமாட்டான். ஏன் வரவில்லை என்று கேட்டால், 'சேறு, அண்ணாச்சி' என்பான். அவன் ஃபைலில் ஒவ்வொரு முறையும் 'வரவில்லை, காரணம்: சேறு' என்றே எழுதியிருந்தது. இப்படியே விட்டு விட்டு வந்தால் ஒரு நாள் மூச்சு முட்டிப் போய்விடுவான் என்று டாக்டர் ஷிஜா என்னிடமே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அவன் மனைவி பொன்செல்விக்கு எங்கள் சலவை அறையில் வேலை. அவள் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்தச் சேற்றின் மேல் கோபம் வரும்.

ஆகவே நான் சும்மா குறிக்கவில்லை, போய்ப் பார்த்துத்தான் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும், கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, அடிக்கணக்கு கீறிய மூங்கில் கழியோடு படகேறினேன். சேற்றில் பத்தடிக்கு ஒரு தடவை கழியைக் குத்தி ஆழம் பார்த்தேன். முழங்கால், தொடை, ஒரு இடத்தில் இடுப்பு. பிறகு மணலில் ஏறி, கடல் பக்கமாக லிங்கத்தின் வீடுவரை நடந்தேன். ஒருபுறம் அலை, மறுபுறம் தென்னை, நடுவே கொஞ்சம்தான் மணல். ஆனால் சுத்தமான மணல். குறுக்கே கல்லில்லை, கட்டையில்லை. ஓரத்தில் ஓலை போட்டு மூடி, ஆள் உயரத்துக்குக் கயிறு சுருட்டி வைத்திருந்தது. பக்கத்திலேயே இன்னொரு சுருள் தாழ்வாக, உட்காருவதற்குத் தோதாக இருந்தது. அதன் மேல் உட்கார்ந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினேன். பாக்கெட்டிலிருந்து ஃபாரத்தை எடுத்து, 'டிராக்' என்பதற்கு எதிரே, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு சரிக்குறி போட்டேன்.

வண்டி வந்து சேர அக்டோபர் ஆகிவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்று அத்தனை தூரத்திலிருக்கிற கழக்கூட்டத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்தார்கள். திட்டுக்காரர்கள் ஒரே பார்வையில் அதற்குத் 'தவளை' என்று பேர் வைத்துவிட்டார்கள். போதகர் ஜெபம் பண்ணினார். கமிட்டிச் செயலாளர் மாலை போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் செவ்வாய்க்கிழமை, லிங்கத்தின் டயாலிசிஸ் நாள். காலை ஏழு மணிக்கு டாக்டர் ஷிஜாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மாலையைக் கழற்றாமலே வண்டியைக் காயலில் இறக்கினேன்.

சேற்றை அது கடந்த விதத்தை என்ன சொல்வது. பதினெட்டு வருஷமாகப் பள்ளத்திலும் வெள்ளத்திலும் முக்கி முனகி வண்டி ஓட்டியவனுக்கு அது ஒரு ராஜ சவாரி. இடுப்பளவு சேறு இருந்த இடத்தில்கூடப் பட்டை ஒரு முறையும் வழுக்கவில்லை. "சத்தியண்ணா, கொள்ளாமல்லோ," என்று மலையாளத்தில் மெச்சினார் டாக்டர். நான் ஒன்றும் தெரியாதவன்போல் முன்னால் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

மணலில் ஏறித் திரும்பியபோது கரை நிறைய ஆள். இருபது பேர் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்து நின்று ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது அலையிலிருந்து புறப்பட்டு, மணலைக் குறுக்கே வெட்டி, தென்னை மூடுவரை போனது. தூரத்தில் அதே மாதிரி இன்னொரு கயிறு, இன்னொரு இருபது பேர். லிங்கத்தின் வீடு முதல் கயிற்றுக்கு அந்தப் பக்கம். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி வீசினார். வரவேற்கிறார் என்று நினைத்தேன். வண்டிக்குத்தான் மாலை போட்டிருக்கிறதே. நானும் ஒரு கையை உயர்த்தி, ஹார்ன் அடித்து, கடைசி ஆளுக்குப் பின்னால் மணலில் தளர்ந்து கிடந்த கயிற்றின் மேல் வண்டியை விட்டேன்.

பட்டையின் பல் கயிற்றைக் கவ்வியது. கவ்வியதை உள்ளே இழுத்து, டயருக்கும் பட்டைக்கும் நடுவில் சுற்றத் தொடங்கியது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் ஐந்தாறு பேர் கயிறோடு இழுபட்டு மணலில் விழுந்தார்கள். எஞ்சின் முனகி நின்றது. இந்தப் பக்கத்துக் கயிறு இறுகி நின்றுவிட, அந்தப் பக்கத்துக் கூட்டம் விஷயம் தெரியாமல் இழுத்துக்கொண்டேயிருக்க, கடலில் வலை கோணிக்கொண்டு போனது. தலைத்துண்டுக்காரர் இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு ஓடி வந்து கயிற்றை அறுத்தார். அறுந்த முனை அலைக்குள் போனது. வலையின் வாய் திறந்தது. உள்ளே இருந்த மீனெல்லாம் வந்த வழியே போய்விட்டது.

என்னை யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெரியவர்தான் வலையின் தலைவர், பேர் சிலுவைதாசன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து பட்டையின் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"பல்லு வச்ச தவளையா," என்றார். "இது இனி இந்தக் கரையில ஏறப்பிடாது, கேட்டீரா."

கயிற்றின் வால் பக்கத்தில், தென்னை மூட்டில், ஒருவன் உட்கார்ந்திருந்தான். இழுத்து வருகிற கயிற்றை வட்டமாகச் சுருட்டி அடுக்குவது அவன் வேலைபோல. அவன் எழுந்தபோதுதான் லிங்கம் என்று அடையாளம் தெரிந்தது. டயாலிசிஸ் நாளில், புறப்பட வேண்டிய நேரத்தில், அவன் வீட்டில் இல்லாமல் இங்கே என்ன செய்கிறான் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. "இன்னிக்கு வரல, அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு அறுந்த கயிற்றைப் பொறுக்கப் போனான். நாங்கள் வெறும் வண்டியோடு திரும்பினோம்.

வெள்ளிக்கிழமையும் அவன் வரவில்லை. சனிக்கிழமை சலவை அறைக்குப் போனேன். பொன்செல்வி ஈர விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அவனப் படகிலயாவது அனுப்பக்கூடாதா, பொன்செல்வி? ஒரு வாரம் ஆச்சு."

"ராத்திரி படுக்க முடியல, அண்ணாச்சி. மூச்சு வாங்குது. சொன்னா கேக்கவா செய்தாக."

"என் தப்புதான். ஆனா நான் போய்ப் பாத்துட்டுத்தானே டிராக் கேட்டேன். சேறு அளந்தேன், மணல்ல நடந்தேன். கயிறு ஒண்ணும் அன்னைக்கு அங்க இல்ல."

"என்னைக்குப் போனீய?"

"ஞாயித்துக்கிழமை."

அவள் விரிப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழம யாரு அண்ணாச்சி வல போடுவா?"

அந்தத் திட்டு முழுக்க மாதா கோயில்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் ஒரு வலையும் கடலில் விழாது. எனக்கு அது தெரியாதா? நானும் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைப் பூட்டிவிட்டுச் சபைக்குப் போகிறவன்தானே. எனக்கு ஓய்வு நாள் அவர்களுக்கும் ஓய்வு நாள் என்பது, மூங்கில் கழியில் அடிக்கணக்கு கீறிய இந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை. அவர்கள் கயிற்றின் மேலேயே உட்கார்ந்து சரிக்குறி போட்டிருக்கிறேன்.

பொன்செல்வி மிச்சத்தையும் சொன்னாள். கரமடியில் ஒரு முறை உண்டு. இழுப்பு நடக்கும்போது கயிற்றில் கை வைத்த எவனுக்கும் மீனில் பங்குண்டு. கிழவனானாலும் நோயாளியானாலும் சரி, வந்து கை வைத்தால் போதும், கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

"தொட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போ, பங்கு வீட்டுக்கு வந்துரும்னு எல்லாரும்தான் சொல்லுதாக. இவுக கேக்க மாட்டாக. தொட்டுட்டுப் போறது பிச்சயாம். மடி கரையேறுற வரைக்கும் உக்காந்து கயித்தச் சுருட்டுவாக. சுருக்கா முடிஞ்சா ஆஸ்பத்திரி, நேரமாயிட்டா அதுவும் போச்சு."

"அப்ப சேறு?"

"சேறுன்னா நீங்க மேக்கொண்டு கேள்வி கேக்க மாட்டீய. அதான் சேறுன்னாக."

நான் ஒன்றரை வருஷமாகக் கோபப்பட்டது தப்பான ஆளிடம் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை லீவு எழுதிக் கொடுத்தேன். பழவங்காடிப் பக்கத்தில் ஒரு கடையில், இருப்பதிலேயே தடிமனான கயிறாக ஒரு சுருள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, படகேறி, சேற்றில் தொடைவரை இறங்கி நடந்து கரையேறினேன். இழுப்பு நடந்துகொண்டிருந்தது. சிலுவைதாசன் கயிற்றை வாங்கி இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இது லாரியில மரத்தடி கெட்டுற கயிறுல்லா," என்றார்.

அதுவும் தப்பு. நான் நின்றேன். வழி நெடுக யோசித்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்க வாயெடுத்தேன். அவர் தாடையை நீட்டி இழுப்புக் கயிற்றைக் காட்டினார். போய் எல்லாருக்கும் முன்னால், அலை காலைத் தொடுகிற இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

பின்னோக்கி நடந்துகொண்டே இழுக்க வேண்டும். ஓர் அடி, சாய்வு, ஓர் அடி. பத்து நிமிஷத்தில் உள்ளங்கை எரிந்தது. மெல்ல மெல்ல மேலே ஏறி, தென்னை மூட்டுக்கு, லிங்கம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்துவிட்டேன். அவன் கால் நிறைய நீர் கோத்து, விரல்கள் தெரியாமல் இருந்தன. மூச்சு நெஞ்சோடு நின்று நின்று வந்தது. ஆனால் கை மட்டும் கயிற்றை வட்டம் பிசகாமல் அடுக்கியது. நான் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். செய்த காரியத்துக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்றிருந்தது.

"விடும்," என்றார் சிலுவைதாசன்.

"எனக்குக் களைப்பில்ல."

"களைப்புக்கு ஆரு சொன்னா? மேல வந்தவன் விடணும். விட்டுட்டுக் கீழ போய் முதல்ல பிடிக்கணும். நீரு இங்கயே தொங்கிக்கிட்டு நின்னா, கீழ கடலுப் பக்கம் பிடிக்கதுக்கு ஆள் வேண்டாமா? விடும்போ 'விட்டாச்சு'ன்னு சொல்லும், பிடிச்சா 'பிடிச்சாச்சு'ன்னு சொல்லும். இல்லன்னா பாரம் ஆரு கையிலன்னு மத்தவனுக்குத் தெரியாது."

"விட்டாச்சு," என்று சொல்லிவிட்டுக் கீழே நடந்தேன். அப்போதுதான் கவனித்தேன். அந்த இருபது பேரும் அப்படித்தான் சுற்றி வந்தார்கள். கயிற்றைப் பிடிப்பதுபோலவே விடுவதும் அங்கே வேலையாக இருந்தது.

மடி கரையேறியதும் சிலுவைதாசனிடம் போனேன். "பல்லைக் கழட்டிடுறேன். வெறும் டயர் கயிறு மேல ஏறினா கயிறுக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"தாழ்ந்து கெடக்க கயிறு மேல, மெல்ல உருண்டு போனா ஒண்ணும் ஆவாது. பின்ன சேறு எப்பிடித் தாண்டுவீரு?"

"தெரியல," என்றேன். வண்டி விஷயத்தில் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "வாரும். நான் கை காட்டின பெறகு ஏறும். வரவேற்புன்னு நெனைச்சிராதயும்."

லிங்கத்திடம் போய், இப்போதே என்னோடு படகில் வா என்று கெஞ்சினேன். இத்தனை பலவீனத்தில் நாற்காலியில் தொங்கி வருவதற்கில்லை என்பதுபோல் தலையசைத்தான். "நாளைக்கு, அண்ணாச்சி," என்றான். நாளைக்கு இருப்பானா என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தேன். டாக்டர் ஷிஜா வந்து நின்றார்.

"சத்தியண்ணா, டிராக் வேணும்னு குறிச்சது நீங்களல்லே? அங்கத்தச் சபைக்கு டிராக்கோட போட்டோ அனுப்பியாச்சு. கமிட்டி காரணம் எழுத்துல கேக்கும்."

"நான்தான், டாக்டர். தப்பாக் குறிச்சேன்."

அவர் தந்த தாளில், 'இடத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், அதனால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கமிட்டிக்குப் புரிந்ததா தெரியாது. உள்ளேயிருந்த ஒல்லி டயர்களில் காற்றைக் குறைத்து, கையால் அமுக்கிப் பார்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில் பொன்செல்வி போன் பண்ணினாள். "அண்ணாச்சி, இவுக உக்காந்தே இருக்காக. பேச முடியல." டாக்டரிடம் மெஷினைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு வண்டியைக் காயலில் இறக்கினேன்.

தண்ணீரில் நன்றாகத்தான் போனது. சேற்றில் பாதி தூரம்கூடத் தாண்டவில்லை, எட்டு டயரும் நின்ற இடத்தில் சுற்றின. பட்டையில்லாத ஒல்லி டயர் வேறென்ன செய்யும். வேகத்தைக் கூட்டினேன், இன்னும் அழுந்தியது. முன்னால் முப்பது மீட்டரில் மணல். அதற்கு அப்பால் ஒருவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முதல் தடவை பட்டையை வைத்துக் கெடுத்தேன், இரண்டாம் தடவை பட்டையைக் கழற்றிக் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. ஸ்டியரிங் கம்பியின் மேல் தலையை வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

"வே," என்று குரல் கேட்டது.

மணல் விளிம்பில் சிலுவைதாசனும் பத்துப் பேரும் நின்றார்கள். இழுப்பைப் பாதியில் மிச்சப் பேரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் தோளில் நான் வாங்கிப்போன லாரிக் கயிறு கிடந்தது.

"தெரியலன்னு சொன்னீருல்லா. எங்களுக்குத் தெரியும்," என்றார். "ஆயிரங்கிலோ மடிய இழுக்கோம். இந்தத் தவளைய இழுக்க மாட்டமா."

கயிறு பறந்து வந்து முன்பக்கக் கம்பியில் விழுந்தது. கட்டினேன். பத்துப் பேரும் சாய்ந்தார்கள். பட்டையிருந்தால் பற்கள் சேற்றைக் கவ்விக்கொண்டு வந்திருக்கும். வெறும் டயரும் தொட்டி அடியும் வழுக்கிக்கொண்டு, வலை வருவதுபோல வந்தன. கரையேறினேன். பெரிய கயிற்றுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டுக் காத்திருந்தேன். முன்னால் நின்றவர்கள் பாரத்தைப் பிடித்துக்கொள்ள, வால் பக்கத்தைத் தளர்த்தி மணலில் கிடத்தினார்கள். சிலுவைதாசன் கை காட்டினார். முதல் டயர் ஏறி இறங்கியது, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கயிறு போட்டபடியே கிடந்தது.

லிங்கத்தை அவன் வீட்டிலிருந்து நாங்கள் தூக்கி வைத்தோம். பின்னால் பொன்செல்வி அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றபோது, அவன் வீங்கிய கையைத் தூக்கி என் தோளைத் தட்டினான். போகாதே என்கிறான். கண் கயிற்றின் மேல் இருந்தது. இழுப்பு பாதியில் இருக்கிறது, அவன் போகிறான். அவன் முகத்தில் இருந்தது வலி அல்ல, அவமானம். இத்தனை முடியாமலும் அவன் இறங்கிவிடுவானோ என்று எனக்குப் பதறியது.

சிலுவைதாசன் குனிந்து, தளர்ந்து கிடந்த கயிற்றை எடுத்து, வண்டியின் விளிம்பைத் தாண்டி அவன் மடியில் வைத்தார். லிங்கம் இரண்டு கையாலும் பற்றினான். பிடித்துக்கொண்டே இருந்தான். முன்னால் இருபது பேரும் அசையாமல் பாரத்தைத் தாங்கி நின்றார்கள்.

"லிங்கம்," என்றார் சிலுவைதாசன். "நீ இப்பம் எங்க நிக்க? மேலயா, கீழயா?"

அவன் கயிற்றை இன்னும் இறுகப் பிடித்தான்.

"மேல வந்துட்ட, மக்கா. மேல வந்தவன் என்ன செய்யணும்?"

லிங்கம் அவரைப் பார்த்தான். பிறகு பொன்செல்வியைப் பார்த்தான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"விட்டாச்சு," என்றான். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. ஆனால் முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்கள். நான் கயிற்றின் மேல் உருட்டி, சிலர் பின்னாலிருந்து தள்ளிவிட, வந்த தடத்திலேயே சேற்றுச் சரிவில் வண்டியை வழுக்கவிட்டு, காயலில் இறங்கினேன்.

அன்று மெஷினில் அவனை ஐந்து மணி நேரம் போட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் ஷிஜா வெளியே வந்து, "மூச்சு சரியாயி, சத்தியண்ணா," என்றார். இரவு அங்கேயே இருக்கச் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் அவனையும் பொன்செல்வியையும் ஏற்றிக்கொண்டு காயலைத் தாண்டினேன். லிங்கம் இந்தத் தடவை முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆள் இளைத்து, வெளுத்து, ஆனால் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

நினைத்த இடத்திலேயே சேறு எங்களைப் பிடித்து நிறுத்தியது. நான் ஹார்ன் அடித்தேன். மணல் விளிம்புக்கு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சிலுவைதாசன் கயிற்றைச் சுழற்றி வீசினார். அதைப் பிடிக்க நான் எழுந்து கையை நீட்டினேன், தவறவிட்டேன். அது என் கையில் பட்டு நழுவிச் சேற்றை நோக்கிச் சரிந்தது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, அதைச் சேற்றுக்கு ஒரு சாண் மேலே பற்றியது. எப்படிக் கட்டினான் என்று நான் பார்ப்பதற்குள் கம்பியில் முடிச்சு விழுந்திருந்தது. தளர்ந்த கயிறு டயருக்கு அடியில் போகாதபடி, அவன் அதைத் தன் காலடியில் வட்டமாகச் சுருட்டினான்.

கரையில் யாரும் இழுக்கவில்லை. எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியையே பார்த்து நின்றார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

லிங்கத்துக்கு விளங்கியது. எழுந்து நின்று, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு, அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான்.

"பிடிச்சாச்சு."